காற்றுக்குக் காத்திருந்த அம்மாசியார்

செங்கல் சூளையில் மண் மிதிப்பது அம்மாசியாரின் தொழில். விடிந்ததும் குழியில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. குதிகால் வெடிப்புகளில் புகுந்த மண் கழுவினாலும் போகாது. இறங்கியதும் முதல் பிடி மண்ணை எடுத்து லிங்கமாகப் பிடிப்பார். ஒரு தும்பைப் பூ வைத்துக் கண்மூடி நிற்பார். பிறகு அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து மகள் பூங்காவனத்தின் நாக்கில் வைப்பார். மிச்சத்தைக் குழியிலேயே போட்டு மிதிக்கத் தொடங்குவார்.

"ஏன்டா அம்மாசி, கும்பிட்ட சாமியையே மிதிக்கிறியே, உருப்படுவியா?" என்பார் மேஸ்திரி.

"மிதிக்காம உட்டா கல்லு வெடிச்சிப்பூடும் மேஸ்திரி. சாமிதானே, தாங்கிக்கும்."

மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். மகளை அந்தக் குழியோரத்திலேயே வளர்த்தார். அவளுக்கு ஐந்து வயதானபோது திடீரென வயிறு உப்பிக் கல்லானது. பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள். குடல் முறுக்கிக்கொண்டது என்று அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டித் தைத்தார்கள்.

"குடல் வேல செய்ய ஆரம்பிச்சா கீழ காத்து பிரியும்" என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி கூடாது. பிரியலன்னா மறுபடி திறக்கணும். இந்த உடம்பு இன்னொரு தடவ தாங்குமான்னு சொல்ல முடியாதுப்பா."

குழந்தைகள் வார்டில் துணையிருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அம்மாசியார் ஒருவரே ஆண். மகளின் மூத்திரத் துணியை அவர் அலசுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பிழை நடந்தது. வேட்டி முடிச்சில் கொண்டுவந்திருந்த சூளை மண்ணை நனைத்துக் கட்டைவிரல் அளவில் லிங்கம் பிடித்தார். தண்ணீர்தானே கூடாது என்றார்கள், பிரசாதம் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்து, வழக்கம்போல ஒரு கிள்ளு மகளின் நாக்கில் வைத்தார். குழந்தை குமட்டிக்கொண்டு வாந்தி எடுத்தது. தையல் போட்ட வயிறு குலுங்கக் குலுங்க அலறியது.

நர்ஸ் ஓடிவந்து வாயைத் துடைத்தெடுத்தார். "அறிவிருக்கா? பச்சப் புண்ணு வயித்துல மண்ணப் போடுறியே!"

பக்கத்துக் கட்டிலில் மயக்கம் தெளியாத கைக்குழந்தையோடிருந்த அஞ்சலாட்சி சும்மாயிருக்கவில்லை. "ஆவாதவன்தான் 'உன் வாயில மண்ணு உழ'ன்னு ஏசுவான். நீ பெத்த பொண்ணுக்கே போட்டுட்டியே, மகராசா!"

அம்மாசியார் அந்த லிங்கத்தைக் குழாயடியில் கரைத்தார். "குத்தம் என் கையோடது, சாமி. என்னாண்ட தீத்துக்க. அவகிட்ட போவாத" என்று முணுமுணுத்தார். பக்தி மட்டும் ஆடவில்லை.

அதற்குப் பிறகு தாகம் வந்தது.

"அப்பா, ஒரே ஒரு வாய் தண்ணிப்பா."

"கூடாதுடி கண்ணு."

"அந்தக்கா குடிக்குது பாரு. எனக்கு மட்டும் ஏன் தரமாட்ற? நீ எங்கப்பா இல்ல, போ!"

உதட்டை மட்டும் ஈரத்துணியால் ஒற்றலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஒற்றினார். குழந்தை துணியைப் பற்களால் கவ்விக்கொண்டு உறிஞ்சப் பார்த்தது. அதைப் பிடுங்கியெடுக்க வேண்டியவரும் அவர்தான். மூட்டைபோலக் கனக்கும் ஈரமண்ணைப் புரட்டிய கைகளுக்கு அந்த முழத்துணி கனத்தது. தம் வாயிலும் அவர் ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ளவில்லை.

வயிறு மேலும் உப்பியது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "காலைல வரைக்கும் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். மறுபடி திறப்பதற்கான பேச்சு அது என்று அம்மாசியாருக்குப் புரிந்தது.

காலையில் டாக்டரம்மா வரும் நேரம். மகளின் விலாவில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ உருண்டது. கட்டிலில் சின்னதாக ஒரு சத்தம்.

"அப்பா," குழந்தை வெட்கப்பட்டது, "உட்டுட்டேன்."

அம்மாசியார் குனிந்து முகர்ந்தார். கண் நிறைந்துவிட்டது.

அஞ்சலாட்சிதான் முதலில் குலவையிட்டாள். ஆடி மாதம் அம்மன் புறப்படும்போது இடுகிற அதே குலவை. கட்டிலுக்குக் கட்டில் எல்லாத் தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். "இது ஆஸ்பத்திரியா, கோயிலா?" என்று அதட்டிக்கொண்டு வந்த நர்ஸ், விஷயம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அடியாருக்கு ஈசன் எந்த உருவில் வந்தான் என்று கேட்டால் சொல்லக் கூச வேண்டியதில்லை. காளத்தியில் காற்றாக நிற்பவன், அன்று அந்த வார்டிலும் காற்றாகவே வந்தான்.

குலவை அடங்கியதும் அஞ்சலாட்சி கேட்டாள். "ண்ணா, ஏசிப்புட்டேன், மனசுல வச்சிக்காத. என் புள்ளைக்கு இன்னும் கண்ணே தொறக்கல. நீ கேட்டா உன் சாமி குடுக்கும்போல. ஒரு வார்த்த கேளுண்ணா."

பூங்காவனம் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் ஸ்பூனோடு வந்துவிட்டார். மகள் குடிப்பதைக்கூட நின்று பார்க்காமல் அம்மாசியார் அடுத்த கட்டிலுக்குப் போய், அசையாத அந்தச் சின்னக் காலடியில் மண்டியிட்டுக் கைகூப்பினார்.

பிறர் பிள்ளைக்காக மண்டியிட்ட அந்த அடியாரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.