ரெண்டு பாகம் குறைந்த ஓஸ்

சங்கு குளிப்பவர்களின் ஓஸ், நீருக்குள் போடும் கண்ணாடி எல்லாவற்றையும் அந்தக் கரையில் பழுது பார்ப்பவள் செசிலி. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. வேலை கற்றுக்கொள்ள வந்த இன்னாசிக்கு ஐம்பத்தாறு. முதல் நாளே அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். கரையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வரும்போது சாக்கில் ஓர் ஓஸைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். படகிலிருந்து கடலடிக்குக் காற்று போகும் ஓஸ். அவர் தம்பி சலேத் கடைசியாக வாயில் வைத்திருந்தது.

"இதை எப்படி ஒட்டியிருக்கணும்? சொல்லிக் குடுங்க டீச்சர்."

செசிலி விரித்துப் பார்த்தாள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி இரண்டு பாகம் நீளத்துக்கு ஓஸ் வெயிலில் வெடித்துக் கிடந்தது. அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிப் பசை போட்டுச் சுற்றியிருந்தார் இன்னாசி. சுற்று நடுவில் பிரிந்திருந்தது.

"இது ஒட்டுற இடம் இல்லண்ணே. வெடிச்சதை வெட்டி எடுத்துட்டு நல்லதையும் நல்லதையும் சேக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு ஏன் வெட்டல?"

இன்னாசி தரையைப் பார்த்தார்.

"வெட்டுனா ரெண்டு பாகம் குறையும். சங்கு ஆழத்துல கெடக்குன்னு தம்பி ஒத்தக்கால்ல நின்னான். குட்டையாக்கிட்டேன்னு திட்டுவான். அவன் திட்டுனா எனக்குத் தாங்காது டீச்சர். சின்னதுல இருந்தே அப்படித்தான்."

செசிலி ஓஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

நாலு மாதம் போனது. சேர்த்த ஓஸைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, வளைத்து, குமிழி வருகிறதா என்று பார்க்க இன்னாசி கற்றுக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் ஆணியைப் பார்ப்பார்.

"இதை எப்ப டீச்சர்?"

"இருக்கட்டும்ணே."

ஒருநாள் காலையில் சங்கு குளிக்கிற ரோமான் தன் ஓஸைக் கொண்டுவந்து போட்டான். அதே மாதிரி வெடிப்பு, அதே நீளம்.

"சட்டுன்னு டியூபைச் சுத்திக் குடுங்கண்ணே. படகு நிக்கி."

இன்னாசி டியூபை எடுத்தார். கீழே வைத்தார். கத்தியை எடுத்து வெட்டினார்.

"என்ன வே பண்ணுதீரு!"

அவர் பித்தளைக் குழாய் வைத்துச் சேர்த்து, கிளிப்பை இறுக்கி, தொட்டியில் அமுக்கி வளைத்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ரோமான் கையை விரித்து ஓஸை அளந்தான்.

"ரெண்டு பாகம் போச்சு. இனி மணலைத்தான் அள்ளணும். தம்பியத் தின்னது பத்தாதுன்னு எம் பொழப்பையும் வெட்டிட்டீரே!"

ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு படகு வரைக்கும் திட்டிக்கொண்டே போனான். படகு கிளம்பியது.

இன்னாசி ஆணியில் கிடந்த ஓஸை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ரொம்பத் திட்டிட்டான் டீச்சர். சலேத்தும் இப்படித்தான் திட்டியிருப்பான்."

செசிலி கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோமான் சாயங்காலமும் வந்து திட்டுவான்ணே."