ஃபில்டரை மூஞ்சியில வச்சுப் பாக்குற கம்பெனி

அந்தக் காலத்துல ரயில் இன்ஜினெல்லாம் வாய் தொறந்து பேசும், பேச்செல்லாம் கொறைதான். அதுலயும் தேரிக்காட்டு லைன்ல ஓடுன செவலைன்னு ஒரு டீசல் இன்ஜின், பேச ஆரம்பிச்சா செகப்பு விளக்கு போட்டாலும் நிறுத்தாது.

ஆடிக் காத்துல செம்மண்ணு பறக்கும்லா, அதுல செவலைக்கு இருமல் புடிச்சுட்டு. டுகுடுகு... லொக்... டுகுடுகு... லொக் லொக். சரக்கு வண்டிய இழுத்துட்டுப் போயி மூணு வாட்டி கணவாய் ஏத்தத்துல பாதியில நின்னுட்டு. ஷெட்டு ஃபோர்மேன் அருளப்பன் மூக்காலயே பேசுற மனுசன். "இன்னொருக்கா நின்னேன்னு வய்யி, ஒன்னய ஒடைக்க அனுப்பிருவேன்"னுட்டாரு.

ஷெட்டுக்கு எதுத்தாப்புல பிலோமி தேங்கா நாருல மெத்தை தைக்கிறவ. தெனம் செவலைகிட்ட வம்பிழுத்தாத்தான் அவளுக்கு ஊசியே ஓடும்.

"யக்கா, நெஞ்செல்லாம் மண்ணு. ஏதாச்சும் பண்ணுங்களேன்."

"இப்பிடிப் பொகைய விட்டா இருமாம என்ன செய்வ? பீடிக்கட்டுக்குப் பொறந்த பயலே."

சொல்லிட்டாளே தவிர, ஃபோர்மேன் சொன்னது அவ காதுலயும் விழுந்திருந்துச்சு. இவன் போயிட்டா யார்கூட மல்லுக்கு நிப்பா?

மறுநாளே மண்ண வடிகட்ட ஒரு குட்டி மெத்தை தைச்சா. நாரை எண்ணெயில முக்கி, சாக்குக்குள்ள திணிச்சு, முழங்காலால மிதிச்சு மிதிச்சு இறுக்குனா. பிலோமி மெத்தையில பத்து வருசம் படுத்தாலும் குழி விழாது. அத செவலை காத்து இழுக்குற வாசல்ல மாட்டிட்டு, அவளும் ஏறி உக்காந்துக்கிட்டா.

ஏத்தம் வந்துச்சு. இருமல் இல்ல. பேச்சும் இல்ல. கரும்பொகையா கக்கிக்கிட்டு ஆமை கணக்கா ஊருது.

"யக்... கா... மூச்சு..."

பிலோமி கீழ குதிச்சா. இன்ஜின் கூடவே நடந்துக்கிட்டு மெத்தைய உருவி, தன் மூஞ்சியில வச்சு மூச்சு இழுத்துப் பாத்தா. மூக்கு அடைச்சுக்கிட்டு.

"அட கூறுகெட்டவளே, படுக்கறதுக்குல்லா தைச்சு வச்சிருக்கேன்"னு தன்னையே வைஞ்சா.

தையலப் பிரிச்சு நாரைக் கைகையா அள்ளி எறிஞ்சா. மூஞ்சியில வச்சா. இன்னும் கொஞ்சம் எறிஞ்சா. மறுபடி வச்சா. மூணு மூச்சு சுளுவா போச்சு, மண்ணு மட்டும் வெளிய நின்னுக்கிட்டு. ஓடிப்போயி மாட்டிவிட்டா. செவலை ஒரு செருமு செருமிட்டு, நிக்காமலே மேல ஏறிட்டு.

உச்சியில பிலோமி கேட்டா: "எப்பிடிடே இருக்கு?"

செவலை டுகுடுகுன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நெஞ்சு சரியானதும் அதுக்குச் சொல்ல ஒரு கொறையும் இல்லாம போச்சு. மத்த இன்ஜினுக்கும் அவளே தைச்சுக் குடுத்தா. ஒண்ணொண்ணா எல்லாம் வாய மூடிட்டு. தைக்கையில அவ மட்டும் கொஞ்ச வருசம் தனியாவே திட்டிக்கிட்டு இருந்தா.

மெத்தைக் கொட்டா இன்னைக்குப் பெரிய ஃபில்டர் கம்பெனி. நாரு போயி காகிதம் வந்துட்டு, சோதிக்க மெசினும் வந்துட்டு. ஆனா மெசின் சரின்னு சொன்னாலும், ஒவ்வொரு ஃபில்டரையும் ஒரு ஆளு மூஞ்சியில வச்சு மூணு மூச்சு இழுத்துப் பாத்துதான் பெட்டியில போடுவாக. பிலோமி அந்த ஏத்தத்துல நடந்துக்கிட்டே இழுத்தாளே, அன்னையிலருந்து வந்த பழக்கந்தான் அது.