சீப்பு பாடிய பாட்டு

ஈரோட்டில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் செங்கோடனுக்கு, அவனிடம் துணி தேய்க்கக் கொடுக்கும் அடுக்குமாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உசத்தியான ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தார்கள். ஆறே மாதத்தில் அதன் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை நடந்தான். மேனேஜர் மெய்யழகன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க சாமான் பழுதாகாதுப்பா. பழுது உன் காதுலதான்" என்று காது டாக்டர் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

செங்கோடன் பவ்யமாக வாங்கிக்கொண்டான். "ஒரே ஒருக்கா நீங்க கேட்டுச் சொல்லிருங்க சார். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேனுங்க" என்று ஹெட்போனை நீட்டினான். ஒயரின் மறுமுனை அவன் சட்டைப்பைக்குள் இருந்தது.

மேனேஜர் மாட்டினார். கண்ணை மூடி, மேஜையில் தாளம்கூடப் போட்டார். "அடடா! ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதே!"

செங்கோடன் ஒயரை மெல்ல வெளியே இழுத்தான். அதன் முனை ஒரு சீப்பில் சுற்றியிருந்தது. "போனை வண்டியிலயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரிக்க, மேனேஜருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புது ஹெட்போனைத் தானே எடுத்து வந்து கொடுத்தார்.

செங்கோடன் கும்பிட்டுவிட்டு, டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தான். "இதை நீங்களே வெச்சுக்கோங்க சார். சீப்பு பாடுனது உங்களுக்குத்தானுங்க கேட்டுச்சு."