துக்கம் கேட்கப் போகாதவர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? தணிகாசலத்துக்கு வாய்த்த குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். பெயர் எஸ்தர். டைல்ஸ் கடை மாடியில் ஆபீஸ். கட்டட கான்ட்ராக்டர்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் வேலையால் மற்றவர்களுக்கு ஏதாவது அசம்பாவிதம் நடந்துவிட்டால், கம்பெனியோடு மல்லுக்கட்டி இழப்பீடு வாங்கித் தருவார். அதுதான் ஆசிரமம், அதுதான் தவம்.

தணிகாசலம் சைட் சூப்பர்வைசராக இருந்து முட்டி தேய்ந்தவர். ஐம்பத்தைந்து வயதில் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, "வேலை கத்துக்கணும் மேடம்" என்று நின்றார். எஸ்தர் அன்று கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"விபத்து நடந்தா கான்ட்ராக்டர் வாயைத் திறக்கக் கூடாது. 'என் தப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எங்களைக் கேக்காம எப்படி ஒத்துக்கிட்டேன்னு கம்பெனி கையை விரிச்சிரும். அப்புறம் செத்தவங்க குடும்பத்துக்கு ஒண்ணும் வராது."

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான். செய்றதுதான் கஷ்டம்."

வாயை மூடிக்கொண்டு இருப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று தணிகாசலம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில், எஸ்தரிடம் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்த சவரிமுத்து என்ற கான்ட்ராக்டர் தோண்டிய அடித்தளப் பள்ளத்தின் கரை சரிந்தது. பக்கத்து வீட்டின் அடுப்படிச் சுவரும் அதோடு போயிற்று. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த செண்பகத்தம்மாள் இடிபாட்டிலேயே இறந்து போனார். கணவர் கோதண்டம், ரிட்டயரான பஸ் கண்டக்டர். நர்சிங் படிக்கும் மகள் ஒருத்தி.

சவரிமுத்து பெரிய முதலாளி இல்லை. மேஸ்திரியாக இருந்து மேலே வந்தவர். ஒரு பழைய வேனைத் தவிர அவரிடம் சொத்து என்று எதுவும் கிடையாது. கம்பெனி கொடுத்தால்தான் கோதண்டம் வீட்டுக்குச் சுவர். இல்லையென்றால் அப்பாவும் பெண்ணும் தெருவில்தான்.

மறுநாள் காலை சவரிமுத்து தணிகாசலத்துக்குப் போன் செய்தார்.

"சார், மாலை வாங்கிட்டேன். அந்தம்மா கையால எத்தனையோ நாள் மோர் வாங்கிக் குடிச்சிருக்கேன். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

தணிகாசலம் அலறியடித்துக்கொண்டு ஓடினார். நல்லவேளை, தெருமுனையிலேயே ஆளைப் பிடித்துவிட்டார்.

"போகாதீங்க."

"மொகத்தையாவது பாத்துட்டு வர்றேன் சார்."

"பாத்தா அழுவீங்க. அழுதா சொல்லிருவீங்க."

"சொன்னா என்ன சார்? பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்காம விட்டது நான்தானே?"

"இதைத்தான் சொல்றேன். அங்க ஆளாளுக்குப் போனைப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. நீங்க சொல்றதை ஒருத்தன் படம் எடுத்தாப் போதும், எல்லாம் போச்சு. அந்தப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கும். பரவாயில்லையா?"

சவரிமுத்து மேளச் சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாலையைத் தணிகாசலத்தின் கையில் திணித்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஏறியதும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாலையைத் தணிகாசலமும் கொண்டுபோய்ப் போடவில்லை. யார் கொடுத்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பொங்கலுக்கு முன்பே இழப்பீடு பைசலாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே பெரிய விஷயம். கையெழுத்து வாங்கத் தணிகாசலம்தான் கோதண்டம் வீட்டுக்குப் போனார். காட்டிய இடத்திலெல்லாம் கோதண்டம் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சவரிமுத்து நல்லா இருக்காரா சார்?"

தணிகாசலம் காகிதங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டார்.

"இல்ல, பால்காரன் வரைக்கும் எல்லாரும் வந்து துக்கம் கேட்டுட்டுப் போனாங்க. அவரை மட்டும் காணோம். கருமாதிக்காவது வருவாருன்னு பாத்தேன். ஒடம்பு கிடம்பு முடியலையா?"

"ஊர்ல இல்லைங்க."

"அதானே பாத்தேன். வராம இருக்கிற மனுஷன் இல்லையே அவரு."

இப்படி ஒரு மனிதரிடம் பொய் சொன்னோமே என்று தணிகாசலத்துக்குக் கூசியது. தெருவுக்கு வந்ததும் சவரிமுத்துவைப் போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே நீங்க தாராளமாப் போகலாம்."



"இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் போறது? பொணம் கெடந்தப்ப வராதவன், பைசலானதும் வந்துட்டான்னு நினைக்க மாட்டாங்களா? அன்னிக்கு எங்க போயிருந்தீங்கன்னு அந்தப் பொண்ணு கேக்குமே. என்ன சொல்லட்டும்? உங்க பேரைச் சொல்லட்டுமா?"

போன் கட்டாகிவிட்டது.

தணிகாசலம் ஆபீஸுக்கு வந்து கையெழுத்தான காகிதங்களை எஸ்தரின் மேஜையில் வைத்தார். கோதண்டம் கேட்டதைச் சொன்னார். சவரிமுத்து சொன்னதையும் சொன்னார். எஸ்தர் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், இனிமே நான் யாரையும் தடுக்க மாட்டேன்."

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு கான்ட்ராக்டர் இருந்தாரு. சவரிமுத்து மாதிரிதான். சாரம் சரிஞ்சு, ரோட்ல போய்க்கிட்டிருந்த பையன் ஒருத்தன் செத்துப் போய்ட்டான். கான்ட்ராக்டரை யாரும் தடுக்கல. நேரா அந்த வீட்டுக்குப் போய் பையனோட அம்மா கால்ல விழுந்தாரு. 'ஒம் புள்ளைய நான்தாம்மா கொன்னுட்டேன்'னு கதறினாரு. அந்தத் தெருவே அழுதுச்சு."

"கம்பெனி?"

"கையை விரிச்சிருச்சு."

"கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?"

"போனாங்க. கான்ட்ராக்டர்தான் கொடுக்கணும்னு தீர்ப்பும் ஆச்சு. அவர்கிட்ட என்ன இருக்கு கொடுக்க?"

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"சித்தாள் வேலை. இந்த வயசுலயும் கல்லு சுமக்குறாங்க. அவரைப் பத்திக் கேட்டா, தங்கமான மனுஷன்னு சொல்றாங்க."

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"வாயைத் திறக்காம சும்மா நின்னுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம் மேடம்."

"சவரிமுத்து சும்மா நின்னிருப்பாரா?"

தணிகாசலம் யோசித்தார். ஆட்டோவில் முகத்தை மூடிக்கொண்ட அந்தக் கைகளை நினைத்தார்.

"நின்னிருக்க மாட்டாரு."

கீழே கடையில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்ததும் தணிகாசலம் கேட்டார்.

"அப்ப தடுக்கத்தான் வேணுமா?"

"வேணும்."

"எல்லாரையுமா?"

எஸ்தர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நிறையப் பேரு கூப்பிட்டாலும் போக மாட்டாங்க. துடிச்சிக்கிட்டுக் கிளம்புறாங்க பாருங்க, அவங்களை மட்டும்."