பாதம் கழுவிய வெள்ளைத்தாய் அம்மையார்

மழைநாச்சியம்மன் காவல்கொண்ட வேம்பங்குடியில், அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தரை துடைத்து வாழ்ந்தவர் வெள்ளைத்தாய் அம்மையார். விடிந்ததும் அம்மன் கோயில் வாசலைப் பெருக்குவார். பிறகு கருவறைக்கு நேரே நின்று, "தாயி, இன்னைக்கு எவ அடிபட்டு வந்தாலும் நீ வந்ததாத்தான் நெனச்சுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருவார். அந்த ஒரு பார்வை கிடைக்காவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி அவர் சொல்லி வந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய தங்கை பொன்னுத்தாயும் இதே அவசரப் பிரிவுக்கு வந்தவள்தான். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். அவள் கட்டிலருகே நின்றவன் அசையவே இல்லை. அவனைத் தாண்டி அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அவளைக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. வேம்பங்குடியில் பெண்களுக்கு மட்டும் குளியலறைகள் ஏன் இப்படி வழுக்குகின்றன என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்காமல் இருக்க நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து அம்மையார் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். அடிபட்டு வரும் பெண்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு, மண்ணும் முள்ளுமாக வருவார்கள். அம்மனுக்குச் செய்வதுபோல முதலில் அவர்கள் பாதத்தைக் கழுவுவார். கழுவும் நேரத்தில் திரையை இழுத்துவிடுவார். கூட வந்தவர் எவரும் உள்ளே நிற்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்பார். கூட வேலை செய்தவர்கள் அவரைக் 'கால்கழுவி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். புதிதாக வந்த டாக்டர் ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று பார்த்தவர், அதையே அந்தப் பிரிவின் விதியாக்கிவிட்டார்.

ஒரு நாள் கோயில் தர்மகர்த்தா நாகரத்தினம் தம் மனைவி இந்துமதியைக் காரில் கொண்டுவந்தார். அவள் கழுத்தைச் சேலைத் தலைப்பு சுற்றி மறைத்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர். சீக்கிரம் பாத்து விடுங்க, கோயில்ல சோலி கெடக்கு."

அம்மையார் தண்ணீர்ச் சட்டியோடு வந்தார். "ஐயா, காலு கழுவப் போறேன். செத்த நேரம் வெளிய இருங்க."

"வாசக் கூட்டுற வெள்ளைத்தாயா? நாளைக்கு அந்த வாசல மிதிக்கணும்னு ஆசை இருந்தா பேசாம ஒதுங்கிப் போ."

அம்மையாரின் கண்முன்னே அம்மன் முகம் ஒரு பக்கம், தங்கை முகம் ஒரு பக்கம். ஆனாலும் அவர் திரையை விடவில்லை. "நீங்க நிக்கிற எடம் இல்லைய்யா இது" என்றார். "அதுதான் இங்க விதி, வெளிய போங்க" என்று டாக்டரும் சொல்ல, நாகரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினார்.

அம்மையார் இந்துமதியின் கால் விரல்களுக்கு இடையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினார். "ஆத்தா, இப்ப நீயும் நானுந்தான். வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா இருக்கா?"

அவள் உடைந்து அழுதாள். "கழுத்தப் புடிச்சு நெரிச்சாரு, அக்கா. இன்னைக்குப் போனா உசுரோட விடமாட்டாரு."

"டாக்டரம்மாட்டச் சொல்லவா? நீ சரின்னாத்தான் சொல்லுவேன்."

இந்துமதி தலையசைத்தாள். டாக்டர் கழுத்துக் காயத்தைப் பார்த்துப் பதிவு செய்தார். அவளை வார்டிலேயே வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொன்னார். உடம்பு தேறியதும் அவளைப் பெண்கள் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் பிழைத்தாள்.

நாகரத்தினம் ஜாமீனில் வந்தார். பதவி போகவில்லை, ஊரும் அவர் பக்கமே நின்றது. "குடும்பத்தைப் பிரிச்சவ உள்ள வரக் கூடாது" என்று கோயில் வாசலை மறித்தார். அம்மையார் துடைப்பத்தை மதிலோரம் சாத்திவிட்டு வெளியே நின்று அழுதார். கருவறை விளக்குகூட அங்கிருந்து தெரியாது. "நீ என்னப் பாக்காட்டி என்ன தாயி, நான் ஒன்னத் தெனமும் அங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சோறு இறங்காமல் உடம்பு மெலிந்தது. பாதம் கழுவும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஆடி வெள்ளியன்று உச்சிவேளை. கோயிலில் நடை சாத்தியிருந்த நேரம். அவசரப் பிரிவுக்கு ஒரு பெண் தனியாக வந்தாள். வெறுங்கால் நிறையச் செம்மண். இடது மணிக்கட்டில் ரத்தம். பஸ் விபத்தில் வந்தவர்களோடு டாக்டரும் நர்சுகளும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் அவளை உட்காரவைத்துப் பாதம் கழுவினார். தம் நீலச் சீருடைச் சேலையின் முந்தானையைக் கிழித்து, ரத்தம் நிற்க மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்.

"வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா ஆத்தா?"

"நீ வராம என் வீடு வெறிச்சுன்னு கெடக்கு" என்றாள் அவள்.

அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரை அழைத்துக்கொண்டு திரும்பியபோது கட்டிலில் யாரும் இல்லை.

மாலையில் பூசாரி நடை திறந்தார். அம்மனின் பாதத்தில் ஈரம் காயவில்லை. இடது மணிக்கட்டில் நீலத் துணிக் கட்டு. அதில் ரத்தம் கசிந்திருந்தது. பூட்டிய கருவறைக்குள் யார் வந்தது? ஆஸ்பத்திரிச் சேலைத் துணியை அடையாளம் கண்டுகொண்ட பூசாரி ஓட்டமாய் ஓடிவந்து, கிழிந்த முந்தானையோடு நின்ற அம்மையாரின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். வாசலில் நின்ற நாகரத்தினத்திடம், "ஒதுங்குங்கய்யா" என்றார் பூசாரி. அவர் ஒதுங்கினார்.

கூடியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். அம்மையார் கும்பிட்டு விழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ அந்தத் துணிக் கட்டையே பார்த்தபடி நின்றார். மெல்லக் கிட்டப் போய்க் கேட்டார்:

"ஒன்னையுமா தாயி அடிச்சாங்க?"

குலவை நின்றுபோனது.

மறுநாளும் அம்மையார் வாசல் பெருக்கி, அம்மனைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சட்டியைத் தேடிப் போனார். அடிபட்டு வந்த பெண்ணிடம் தனியே கேட்கத் தெரிந்த அந்தத் தாயின் திருப்பாதங்களுக்கு நம் வணக்கம்.