மஞ்சள் இரண்டு இழை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பக்கம் சொல்வார்கள். ஸ்காட்லாந்து மலைநாட்டில் டூகலுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அந்த நாட்டில் குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட கம்பளித் துணி உண்டு. டார்ட்டன் என்பார்கள். டூகலின் டன்வொர் குலத்துக்குச் சிவப்பும் பச்சையும், நடுவே மெல்லிய மஞ்சள் கோடும். முன்னோர் போருக்குப் போன காலையில் வாள்முனையில் பட்ட வெயில்தான் அந்த மஞ்சள் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள்.

டூகல் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தோரு வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான நெசவுக்காரி மோராக்கிடம் தறி பழகச் சேர்ந்தார். வருகிற சனிக்கிழமை அவர் மகனுக்குக் கல்யாணம். மருமகளாக வரும் லீனா வெளியூர்ப் பெண், பெற்றோரை இழந்தவள். அவள் தோளில் மாமனார் குலத்துணியை ஊசியால் குத்திவிட வேண்டும். அப்போதுதான் அவள் அந்த வீட்டுப் பெண். அந்தத் துணியைத் தன் கையாலேயே நெய்ய வேண்டும் என்று டூகலுக்கு ஆசை.

நெய்வதோடு நிறுத்தியிருக்கலாம். துணியின் பூர்வோத்தரத்தையும் எழுதிக் கொடுப்போமே என்று பழைய பெட்டிகளைக் கிளறினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

வியாழக்கிழமை காலை ஒரு கடிதத்தோடு தறிக்கூடத்துக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய முப்பாட்டனின் தாய் எல்ஸ்பெத் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் அது.

"சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. மழையில் சாயக்காரன் வரவில்லை. வீட்டில் கிடந்த மஞ்சளை இரண்டிரண்டு இழை விட்டு ஒப்பேற்றிவிட்டேன். வேடிக்கையைக் கேள், இப்போது எல்லோரும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள்."

மோராக் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். டூகலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாளும் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு பொய்யை அந்தப் பெண்ணின் தோளில் எப்படிக் குத்துவேன்?"

"என்ன செய்யப் போகிறீர்கள்?"

"மஞ்சளை எடுத்துவிடுகிறேன். அதுதானே அசல்?"

"எடுங்கள்," என்றாள் மோராக்.

தறியில் நீளவாட்டு இழைகளான பாவு ஏற்கெனவே ஓடியிருந்தது. டூகல் மஞ்சள் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து, அந்த இடங்களில் சிவப்பை முடிந்து இழுத்தார். குறுக்கேயும் சிவப்பையே விட்டு நெய்தார். மத்தியானத்துக்குள் இரண்டு சாண் ஆனது. அத்தனை நேரமும் மோராக் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு சிக்கெடுப்பது போல ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

நெய்தது வரை வெட்டித் தரச் சொன்னாள். அதைக் கொண்டுபோய் வாசல் வேலியில் தொங்கவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கின் மர்டோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் கில்ரோ குலத்தவர். டன்வொர்களும் கில்ரோக்களும் முந்நூறு வருஷமாக எலியும் பூனையும்.

மர்டோ துணியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். தன் குலத்துணியை இவ்வளவு நேர்த்தியாக நெய்தது யார் என்று விசாரித்தார். டூகல்தான் என்று மோராக் கை காட்டினாள். மர்டோ உள்ளே வந்து டூகலின் கையைப் பிடித்துக் குலுக்கி, கடைசியில் நல்ல புத்தி வந்ததே என்று மனதார வாழ்த்திவிட்டுப் போனார்.

டூகல் குலுக்கிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு குலத்துக்கும் அந்த மஞ்சள் மட்டும்தான் வித்தியாசம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அசலைத் தேடிய அவசரத்தில் அவருக்குத்தான் மறந்துபோயிற்று.

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தறியில் உட்கார்ந்து, சிவப்பை அறுத்து மஞ்சளை முடியத் தொடங்கினார். பத்துப் பதினைந்து முடிச்சு போட்டதும் கை நின்றது.

"சனிக்கிழமை அந்தப் பெண் கேட்பாளே, இந்த மஞ்சள் என்னவென்று. வெயில் என்று இனி என் வாயால் வராது. என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்கள்," என்றாள் மோராக். "தான் வந்து சேரும் வீட்டில் ஒரு நாள் நூல் போதாமல் போனது, அதற்காக யாரும் தறியை விட்டு எழுந்து போய்விடவில்லை என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் போதாதா?"