ஐந்து மூட்டை அதிமதுரம்

முன்னொரு காலத்தில் குடவேங்கை நாட்டை மகிழ்மாறன் என்றொரு அரசன் ஆண்டான். மகிழ்ச்சி பெயரில்தான். கண்ணாடியில் தெரிகிற முகத்தையே "யாரடா நீ?" என்று இரண்டு தடவை விசாரிப்பான். ஓயாத இருமல் வேறு. "என்னைக் கொல்லப் பார்க்கிறீர்கள்!" என்று ஒரே வருஷத்தில் மூன்று அரண்மனை வைத்தியர்களை மொட்டையடித்து நாடு கடத்திவிட்டான்.

அப்படியும் அந்த வேலைக்குப் பத்தொன்பது பேர் வந்து நின்றார்கள். பதினெட்டுப் பேர் கையில் குரு கொடுத்த நற்சான்று ஓலை, வாயில், "அரசே, நான் தொட்டால் பிணமும் எழும்!" மிச்சம் ஒருத்தி காராயி. பன்னிரண்டு வருஷம் குருவீட்டில் மருந்து இடித்துக் கை காய்த்தவள். அவள் ஓலையை நீட்டவில்லை.

"அரசே, முன்பிருந்த மூவரும் என்ன மருந்து கொடுத்தார்கள்?"

மருந்துக் களஞ்சியத் தலைவர் விடங்கர் சீறினார். தன் மருமகனை அந்த வேலையில் உட்காரவைக்கத் துடித்தவர். "வேலை கேட்க வந்தவள் அரசரையே விசாரிப்பதா? என்ன திமிர்!"

திமிராம்! சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவன்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறான். தலைமுடியையும் ஊரையும் பணயம் வைத்து வருகிறவள் கேட்கக் கூடாதா?

அரசன் கண்ணை இடுக்கினான். "மூவருமே அதிமதுரக் கஷாயம்தான். உன்னைக் கேட்கச் சொல்லி அனுப்பியது யார்?"

"என் பயம்தான் அரசே."

மூவரும் சரியான மருந்தையே கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஏன் இருமல் நிற்கவில்லை? காராயிக்குச் சந்தேகம் தட்டியது. அதிமதுரம் தூரதேசத்துச் சரக்கு, கொள்ளை விலை. வேலியில் சும்மா படர்கிற குன்றிமணிக் கொடியின் வேரும் பார்வைக்கு அப்படியே இருக்கும்.

"ஐயா, களஞ்சியத்தில் குன்றிமணி வேர் உண்டா?"

"சீ! அந்தக் குப்பை எனக்கெதற்கு? இருப்பது ஐந்து மூட்டை. ஐந்தும் அசல் அதிமதுரம்!"

"கெட்டது காரியம். அரசே, எனக்குக் குன்றிமணி வேர்தான் ஒரு மூட்டை வேண்டும், இந்த நாழிகைக்குள். கொண்டுவருகிறவருக்கு என்ன தருவீர்கள்?"

"ஒரு கிராமம்!" என்று இருமினான் அரசன்.

கிராமம் என்றதும் விடங்கருக்குப் புத்தி போயிற்று. ஓடினார். போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் மூட்டையோடு வந்தார். "இதோ! சுத்தமான குன்றிமணி வேர். நான் பொறுப்பு!"

காராயி ஒரு வேரை ஒடித்தாள். படக்கென்று முறிந்தது. "நன்றாகக் காய்ந்த வேர். இப்போது வேலியில் பிடுங்கியதில்லை. அரசே, களஞ்சியத்தில் அதிமதுரம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்."

காவலன் போய் வந்து சொன்னான்: "நாலு."

"அசல் அதிமதுரம் என்ற ஐந்தில் ஒன்றுதான் இந்தக் குன்றிமணி மூட்டை அரசே," என்றாள் காராயி. விடங்கர் அரசன் காலில் விழுந்தார்.

"கிராமம் உண்டு, எழுந்திரும்," என்றான் அரசன். "எல்லைக்கு அந்தப் பக்கம் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளும். முதலில் நாவிதனைப் பார்த்துவிட்டுப் போம்!" பிறகு காராயி பக்கம் திரும்பினான். "இனி நீதான் அரண்மனை வைத்தியர்."

"பொறுங்கள் அரசே. அந்த மூவரையும் திரும்ப அழைக்க வேண்டும். சரக்கை நானே பார்த்து வாங்குவேன். சம்மதமா?"

"அப்போது உன்னை நான் எப்படி நம்புவது?"

"நம்ப வேண்டாம். தினமும் முதல் மிடறு நான் குடிக்கிறேன், உங்கள் கண்ணெதிரே."

"சம்மதம்," என்றான் அரசன். பிறகு நாடி பார்க்க வலது கையை நீட்டினான்.